வண்டி நிற்கிற ஊரில் பள்ளிக்கூடம்

பாலத்து முனையில் குந்தியபடி, சாஃப்தா அத்தை ஒரு பையனின் ரப்பர் பூட்ஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். "காலைத் தளர விடுடா. நான் என்ன உன் காலைக் கடிச்சா திங்கப்போறேன்?" பூட்ஸ் பொளக்கென்று கழன்று வருகிறது. பக்கத்தில் பழைய குழந்தைத் தள்ளுவண்டி, அது நிறைய எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளின் ஷூக்கள். சேற்றுப் பூட்ஸ் வண்டிக்குள் போகும். துடைத்த ஷூ காலில் ஏறும். பாலம் வரைக்கும் எங்கள் தெருவுக்குத் தார் கிடையாது. சேற்றுக் காலோடு வகுப்புக்குள் போனால், "ஜிப்சி வந்தாச்சு" என்று ஜன்னலைத் திறப்பார்கள்.

"ஜன்னலைத் திறக்கட்டும், காத்துக்காகத் திறக்கட்டும்" என்பார் அத்தை.

எழுபதைத் தாண்டிவிட்டார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூப்போட்ட பாவாடைகள், பின்னலில் ஒரு பொற்காசு, வாயோரம் சிகரெட். எந்த வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். நேரே உள்ளே போய், பள்ளிக்குக் கிளம்பாமல் தூங்குகிற பிள்ளையின் கட்டிலிலேயே உட்கார்ந்துகொள்வார். "எந்திரிக்கிறியா, இல்ல நானும் இங்கயே படுத்துக்கவா? எனக்குக் குறட்டை வரும், சொல்லிட்டேன்." தெருவே பயப்படும் குறட்டை அது.

என் அப்பா க்ரூயா செம்புக் கொல்லர். பிளம் பழம் கனிந்து, ருமேனியக் கிராமங்களெல்லாம் சாராயம் வடிக்கத் தொடங்கும்போது, அப்பா வேனில் அண்டாக்களை ஏற்றுவார். கூடவே எங்களையும். பனி விழும் சமயம் திரும்பினால், வகுப்பு எங்கோ போயிருக்கும். என் அக்கா அப்படித்தான் ஒரு வருஷம் பின்தங்கினாள். மறுவருஷம் பள்ளிக்கே போகவில்லை.

நான் நான்காம் வகுப்பு சேர்ந்த வருஷம், கிளம்புவதற்கு முந்தின நாளே அத்தை வந்து வேனை மறித்துக்கொண்டு நின்றார்.

"க்ரூயா, க்ரீனாவை விட்டுட்டுப் போ. என் வீட்ல இருக்கட்டும்" என்றார் என்னைக் காட்டி.

"பொண்ணை அடுத்தவங்க வீட்ல போட்டுட்டு அண்டா விக்கப் போனான்னு ஊரே காறித் துப்பவா? அதெல்லாம் முடியாதுக்கா."

அத்தை திரும்பிப் போய்விட்டார். நான் அண்டாக்களுக்கு நடுவே முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் விடியலில் வேனின் பின்கதவைத் திறந்தால், உள்ளே கம்பளி மூட்டையோடு அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"நகந்து உக்காருடி."

"அக்கா, நீ எங்க?" என்றார் அப்பா.

"பொண்ணை விட்டுட்டுப் போகமாட்டேன்னே. சரிதான். நான் பள்ளிக்கூடத்தை விடமாட்டேன். ரெண்டும் சேந்து போகட்டும். வண்டியை எடு."

முதல் ஊரில் தலைமையாசிரியர் வாசலிலேயே நிறுத்தினார். "நாலு நாள்ல கிளம்பிடுவீங்க. இவளைச் சேத்து என்ன பண்றது?"

"அந்த நாலு நாளும் இவ பிள்ளைதானேய்யா?"

"உள்ள இடமில்லை."

அத்தை வேனுக்குப் போய், அப்பா உட்கார்ந்து செம்பு தட்டும் முக்காலியைத் தூக்கிவந்தார். வகுப்பறைக் கதவுக்கு வெளியே நடையில் போட்டு என்னை உட்காரவைத்தார். தானும் தரையில் உட்கார்ந்து கம்பளி பின்னத் தொடங்கினார். உள்ளேயிருந்த பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "கரும்பலகையைப் பாரு. அவங்க மூஞ்சில என்ன எழுதியிருக்கு?" என்றார் அத்தை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் நடையெல்லாம் மழைச்சாரல். வகுப்பு நடத்திக்கொண்டிருந்த டீச்சர் வெளியே வந்தார். என்னை எழுப்பி, முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் போனேன். அத்தை மட்டும் சாரலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்பாவுக்கு முக்காலி போனதுதான் வருத்தம். "நான் இடுப்பொடிய நிக்கிறேன், மகாராணி படிக்கிறா" என்று நின்றபடியே செம்பைத் தட்டினார். ஆனால் மூன்றாவது ஊருக்குள் நுழைந்ததும் வேனை நிறுத்தி, வழியில் போனவரிடம், "பள்ளிக்கூடம் எந்தப் பக்கங்க?" என்று கேட்டது அவர்தான். வேலியை ஒட்டியே கடை விரித்தார்.

"பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக அப்பன்மாருங்க வருவாங்கல்ல? யாவாரம் ஆகும்" என்றார் எங்களிடம்.

"ஆமாமா, யாவாரத்துக்குத்தான்" என்று அத்தை சிரித்தார். சிகரெட் புகை புரையேறும்வரை சிரித்தார்.

இன்றைக்கும் புளித்த பிளம் வாசம் வந்தால், அந்த வேலிக்கு அப்பால் அப்பாவின் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே வகுத்தல் கணக்குப் போட்டது நினைவுக்கு வருகிறது. அந்தப் பனிக்காலத்தில் ஊர் திரும்பியபோது, என் வகுப்பு எனக்கு முன்னால் போயிருக்கவில்லை. இப்போது பக்கத்து நகரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. மழைக்காலம் வந்தால் அத்தையைப் பார்க்கத் தோன்றிவிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலை என் மகள் இலின்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை காபி போட்டார். வேன், முக்காலி, சாரல் எல்லாம் பேசி இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். திடீரென்று இலின்கா பக்கம் திரும்பினார்.

"ஆமா, இன்னைக்கு என்ன கிழமை?"

"லேசா இருமுறா, அத்தே. அதான் ஒரு நாள் லீவு போட்டேன்" என்றேன்.

அத்தை கோப்பையைக் கீழே வைத்தார். உள்ளங்கையை இலின்காவின் நெற்றியில் வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. பிறகு என்னைப் பார்த்தபடி, குழந்தையின் கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.