ஒளுவின் ஈரம் காய்வதற்குள்

என் கணவர் பிரியாணியை ஸ்பூனால் சாப்பிட்ட வெள்ளிக்கிழமைதான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. ஐந்து விரலாலும் பிசைந்து சாப்பிட்டால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். "இன்னாங்க, திடீர்னு தொரை ஆயிட்டீங்க?" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. மடியில் துண்டுக்கு அடியில் வைத்திருந்த வலது கையை இழுத்துப் பார்த்தேன். விரல் மடிப்புகளில் தோல் பிளந்து ரத்தம் கசிந்திருந்தது.

எங்களுக்குக் கள்ளக்குறிச்சியில் கடுக்காய், புளி வியாபாரம். கல்வராயன் மலையிலிருந்து வரும் சரக்கை வாங்கி, தரம் பிரித்து வெளியூருக்கு அனுப்புகிறோம். கடுக்காயின் துவர்ப்பும் புளியின் புளிப்பும் வருஷக்கணக்கில் அவர் கையில் ஊறியவை. அதோடு, ஒரு வேளைத் தொழுகையும் தவறாதவர். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் ஒளு (கை, வாய், முகம், கால்களைத் தண்ணீரால் சுத்தம் செய்வது) உண்டு. பனி வெடிப்பு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினோம். ஆளாளுக்குச் சொன்ன களிம்பையெல்லாம் தடவினோம். பனிக்காலம் போயிற்று, வெடிப்பு போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகள் பர்வீனுக்கு உளுந்தூர்பேட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்தோம். எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் நேரத்தில் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் வலது கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டுதான் மகளை மணமுடித்துத் தருவதாகச் சொல்ல வேண்டும். மொத்தச் சபையும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

"என் தம்பிய வுட்டு புடிக்கச் சொல்லிடலாம்" என்றார் அவர்.

எனக்குக் காரணம் தெரியும். பள்ளிவாசலில் ஒருவர் கை கொடுக்க வந்தவர், இவர் உள்ளங்கையைப் பார்த்ததும் சலாம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாராம். அன்றிலிருந்து இவர் எங்கே போனாலும் கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

பர்வீன் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அத்தா புடிக்கலன்னா வேற யாரும் புடிக்க வாணாம்."

ஊரிலிருக்கும் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எங்கள் மகளைவிடச் சற்றே பெரியவராக இருக்கும் பெண். பூதக்கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு, என் கணவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு வெளியார் ஒருவர் அந்தக் கையைத் தொட்டது அப்போதுதான். என் கண் நிறைந்துவிட்டது.

"இது கை எக்ஸிமா" என்றார் (தோல் வறண்டு, அழன்று, வெடிக்கும் நோய்). "ஒட்டுற நோய் இல்லம்மா. யாருக்கும் பரவாது."

அழற்சி தணிய ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். சில வாரங்களுக்கு மட்டும். அதோடு, தினமும் பூச ஈரப்பத க்ரீம். அதில் செராமைடு (தோல் செல்களை இணைத்துப் பிடிக்கும் கொழுப்பு) லிப்பிட் நானோதுகள்களாக (கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியான கொழுப்பு உருண்டைகளாக) இருக்கிறது என்றார். வெடித்த சுவரின் சந்துகளில் சுண்ணாம்பு போய் உட்காருவதுபோல, அந்தத் துகள்கள் தோலின் மேலடுக்கில் ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் ஈரம் ஓடிவிடாமல் காக்குமாம்.

"இன்னா கொழுப்புங்க டாக்டர் அது?" என்று கேட்டார் இவர், பன்றிக் கொழுப்பாக இருக்குமோ என்ற பயத்தில்.

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. க்ரீம் தயாரிப்பவர்களிடம் போனில் விசாரித்து, தாவரத்திலிருந்து எடுத்தது என்று உறுதி செய்துகொண்டுதான் பதில் சொன்னார். "சில பேருக்குச் சாதாரண க்ரீமே போதுங்க. இதுல பிசுபிசுப்பு கம்மி. அதனால வுடாம போடுவீங்க" என்றார்.

அவரும் விடாமல்தான் போட்டார். ட்யூப் ட்யூபாகக் காலியானது. கை மட்டும் ஆறவில்லை, முன்பைவிட மோசமானது. நானோ என்று பெயர் வைத்தால் ஆயிற்றா என்று அந்தக் க்ரீமைத் திட்டாத நாள் இல்லை. நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது.

மலையில் எங்களுக்குச் சரக்கு தருகிறவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க இருவருமாகப் புறப்பட்டோம். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, கரியாலூரில் நாலைந்து வீடுகளுக்குப் பத்திரிகை வைத்தோம். லுஹர் (மதியத் தொழுகை) நேரமானதும் அவர் ரோட்டோரத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். வெகுநேரம் ஆளைக் காணவில்லை என்று நானும் பின்னால் போனேன்.

ஜிப்பா பையிலிருந்து பாத்திரம் கழுவும் சோப்புத் துண்டை எடுத்துக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புளிச்சாக்கு தூக்கும்போதுகூட முனகாத மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். நுரை இளஞ்சிவப்பாக இருந்தது.

"இன்னா பண்றீங்க?"

"க்ரீம் இருந்தா தண்ணி தோல்ல படாதே. ஒளு செல்லாதில்ல? சுத்தமா எடுத்துட்டுத்தான் செய்யணும்."

"தெனமுமா?"

"அஞ்சு வேளையும்."

பூசுவதும் அவர்தான், சுரண்டி எடுப்பதும் அவர்தான். யாரிடமும் கேட்காமல் தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஈரம் சொட்டும் அந்தக் கைகளை என் முந்தானையில் ஒற்றினேன். அங்கே வைத்து அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டுவதை வண்டியில் ஏறிய பிறகு வைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனோம். அவர் சொன்னார்: "நெயில் பாலிஷ், பெயிண்டு மாதிரி மேல ஏடு கட்டித் தண்ணியத் தடுத்தாத்தான் பாய் ஒளு செல்லாது. எண்ணெ தடவுன கையில தண்ணி உருண்டு ஓடும், ஆனா தோல்ல படுது இல்ல? இந்த க்ரீமும் அப்படித்தான். உடம்ப இப்பிடி வதைக்கச் சொல்லி யாரு சொன்னது?"

மறுநாள் மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். இவர் கையை மறுபடி ஏந்திப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார்: "சோப்புதான் உங்க கையக் கெடுத்துக்கினு இருக்கு. இந்த க்ரீம் எப்பப் போட்டா நல்லா வேலை செய்யும் தெரியுமா? கை கழுவி, துண்டுல லேசா ஒத்தி எடுத்துட்டு, அந்த ஈரம் காயறதுக்குள்ள. நீங்க ஒளு செய்ற ஒவ்வொரு வாட்டியும் மருந்து நேரம்தான்."

அவர் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். இத்தனை நாள் தொழுகையும் மருந்தும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தவர், இரண்டும் ஒரே வேளையில் நிற்பதைப் புரிந்துகொண்டார். வெளியே வந்ததும், "அப்ப சரி" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அதுவே பெரிய பேச்சு.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் மருந்து பலிக்காமல் இருக்கலாம். மருந்தைத் திட்டும் முன், போட்டுக்கொண்டபின் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் கூடவே இருந்து பாருங்கள். வெட்கத்தால் சொல்லாததும் பக்தியால் சொல்லாததும் எந்த மருத்துவருக்கும் தானாகத் தெரியாது.

பாத்திர சோப்பைக் கண்ணில் படாமல் தூக்கிப் போட்டேன். கிடங்கில் வேலை செய்யும்போது பருத்தி உறைக்கு மேல் ரப்பர் உறை போட்டுக்கொண்டார். க்ரீம் ட்யூப் மூடியைத் திருக அவர் விரலுக்குத் தெம்பில்லாததால் வீட்டில் இருக்கும் வேளைகளில் நானே பூசிவிட்டேன். முதலில் சிவப்பு மங்கியது. பிறகு பிளவுகள் மூடின. நடுவில், உறை போடாமல் புளி கிளறியதில் ஒருமுறை மறுபடி வெடித்தது. இது அடியோடு போகிற நோய் இல்லை, அடக்கி வைக்கிற நோய் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

முன்பெல்லாம் எங்களுக்குக் காலை, மதியம், ராத்திரி என்றுதான் நாள் இருந்தது. இப்போது கழுவிய கை காயும் அந்தச் சில நிமிஷங்களாலும் நாளைக் கணக்கிடுகிறோம். முப்பது வருஷம் கூட இருந்தும் அவர் உள்ளங்கையின் மேடு பள்ளம் எனக்குத் தெரியாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நிக்காஹ் அன்று பெண்கள் பக்கத்தில் வைத்திருந்த டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹஜ்ரத் சொன்னதும் என் கணவர் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வலது கையை நீட்டினார். மாப்பிள்ளை பிடித்தார். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி முடித்த பிறகும் இவர் மாப்பிள்ளையின் கையை விடவில்லை. பர்வீன் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

துஆ (பிரார்த்தனை) முடிந்து கொஞ்ச நேரத்தில் லுஹர் பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்டது. ஆண்கள் ஒளு செய்யக் குழாய்ப் பக்கம் போனார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்களோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் நேராக என்னிடம் வந்தார். க்ரீம் ட்யூப் என் கைப்பையில் இருந்தது. இப்போது மூடியைத் தானே திறக்கும் தெம்பு அவர் விரலில் இருக்கிறது. இருந்தும் அத்தனை பேர் முன்னாலும் ஈரக் கைகள் இரண்டையும் விரித்து நீட்டினார்.

"சீக்கிரம் போடு, காஞ்சிடப் போவுது" என்றார்.