இனிப்புக் கடைப் பட்டியலில் ஒன்பதாம் இலக்கம்

"…அதை விடும் பிள்ளை. ஹோட்டல் நல்லம், பஸ் நல்லம், எல்லாம் நல்லம். நீர் எழுதித் தந்த ஒன்பதாம் நம்பர் கடையில நான் சாப்பிட்டதில முட்டை இருந்ததோ இல்லையோ, எனக்கு அது ஒண்டு தெரிஞ்சால் காணும்," என்றார் திலகவதி அக்கா.

கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஈலிங் புரோட்வேயில் ரெயில் ஏறி, லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலே இருந்து, அப்டன் பார்க்கில் இறங்கி, எங்கள் கடை ஷட்டர் பாதி ஏறும்போதே உள்ளே வந்துவிட்டார். போனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதிலேயே எனக்கு விஷயத்தின் பாரம் விளங்கியது.

நான் டிராவல் ஏஜென்சி கவுண்டரில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம்தான் வேலையிலிருந்து நின்றேன். இனி இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று சிலதை எழுதி வைக்கிறேன். டிக்கெட் போடுகிறதை கம்பியூட்டர் சொல்லித் தரும். இதை அது சொல்லித் தராது.

பட்டியல் வந்த விதம்

நான் படித்து வந்த வேலை இல்லை இது. முதல் நாள் முதலாளி ஒரு தாளில் எயார்போட்டுகளின் மூன்றெழுத்துக் கோட்களை எழுதித் தந்தார். அதைக் குசினியில் அரிசி வாளிக்கு மேலே ஒட்டி வைத்துப் பாடமாக்கினேன். அப்போது எங்களுக்கு வேலை கொழும்பும் சென்னையும்தான். பிறகு சனத்துக்கு மோர்ட்கேஜ் முடிந்தது, பிள்ளைகள் படித்து முடித்தார்கள், யப்பானில் பூப் பார்க்க வேண்டும் என்று வரத் தொடங்கினார்கள்.

ஒருநாள், பஸ் ஓட்டி ரிட்டயராகிய ஒரு அண்ணையும் மனுசியும் கியோட்டோ போய்வந்து கவுண்டரில் ஒரு பெட்டி வைத்தார்கள். உள்ளே முக்கோணமாக மடித்த மெல்லிய மா, நடுவில் இனிப்புப் பயறு, கறுவா வாசம். "கொழுக்கட்டையை இஸ்திரி போட்டு மடிச்ச மாதிரிக் கிடக்குது, தின்னும்," என்றார் அண்ணை. நான் தின்றேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே ஒரு கொப்பியில் எழுதி, கடை எந்தக் கோயில் ஏற்றத்தில், எந்தப் பக்கம், வாசலில் என்ன நிறத் துணி என்றும் கேட்டு எழுதினேன்.

அதுதான் தொடக்கம். அதற்குப் பிறகு யப்பான் போய் வருகிற எல்லாரிடமும் ஹோட்டலைக் கேட்கிறேனோ இல்லையோ, இனிப்புக் கடையைக் கேட்பேன். உள்ளதைச் சொல்லவேண்டும், நான் இன்றுவரை யப்பானை மிதித்ததில்லை. ஆனால் கனசாவா என்ற ஊரில் இனிப்புக்கென்றே ஒரு நாள் ஒதுக்க வேண்டும், கியோட்டோவில் பெரிய தெருவை விட்டு உள்ளே போனால்தான் பழைய கடைகள், டோக்கியோவில் பெரிய சிவப்பு விளக்குத் தொங்குகிற கோயிலடியில் சனம் வரமுன் காலையிலேயே போய்விட வேண்டும் என்றெல்லாம் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஏலும்.

பதினாலு கடை சேர்ந்ததும் ஒரு தாளில் டைப் பண்ணி, இலக்கம் போட்டு, யப்பான் டிக்கெட் எடுக்கிறவர்களுக்குச் சும்மா கொடுத்தேன். ஒவ்வொரு கடைக்குக் கீழேயும் போய்வந்தவர் சொன்ன வாசகம் ஒன்று இருக்கும். சிவப்புப் பயறும் கடற்பாசியும் காய்ச்சி இறுக்கி, சவர்க்காரக் கட்டி போல வெட்டித் தருகிற இனிப்பு ஒன்று உண்டு. அதற்கு ஒரு டொக்டரம்மா சொன்னது: "எங்கட தொதல் பிரைவேட் ஸ்கூலுக்குப் போய்வந்தது போல." இடித்த சோற்றில் செய்கிற உருண்டைக்கு ஒரு மாமா சொன்னது: "பல்லுக்கட்டினவை வீட்டுக்காரரைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு சாப்பிடவும்."

நடைமுறைகளும் எழுதினேன். வாசலில் துணி தொங்கினால் கடை திறந்திருக்கிறது, இல்லாவிட்டால் பூட்டு. இனிப்பை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் அந்தப் பச்சைத் தேத்தண்ணி. அது கசக்கும், சீனி கேட்கக் கூடாது. பூ மாதிரி, இலை மாதிரிச் செய்த ஈர இனிப்புகள் அன்றைக்கே சாப்பிடுவதற்கு, கட்டிக்கொண்டு வருவதற்கு இல்லை. எங்கள் ஆட்கள் எதைக் கண்டாலும் பத்துப் பெட்டி கட்டுகிறவர்கள் அல்லவா. ஒரு அக்கா இருபது வாங்கப் போக, எவ்வளவு நேரத்தில் வீட்டுக்குப் போவீர்கள் என்று கடைப் பிள்ளை கேட்டதாம், ஐஸ் வைத்துக் கட்டுவதற்கு. அக்கா "லண்டன்" என்றாராம். அந்தப் பிள்ளை பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதாம்.

அந்தத் தாளைக் கேட்டே சிலர் எங்களிடம் டிக்கெட் எடுக்க வந்தார்கள். முதலாளி கும்பகோணம் பக்கத்து ஆள், சிக்கனமாகத்தான் புகழ்வார். "அக்கா பேப்பர் நல்லா ஓடுதே," என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்று இப்போது சொல்லலாம்.

திலகவதி அக்கா

வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலடியில் இருக்கிறவர். தபால் பிரிக்கிற சோட்டிங் ஒஃபிஸில் இருபத்தைந்து வருஷம் ஷிப்ட் வேலை செய்து ஓய்ந்தவர். தங்கச்சியோடு யப்பான் போக ஒரு வருஷம் முந்தியே காசு கட்டியிருந்தார். இடையில் மகளுக்குப் பிள்ளை தங்கியது. அதற்கு முதல் மூன்று தரம் தங்கிக் கலைந்தது. இந்த முறை ஐந்தாம் மாதம் தாண்டியதும், பிள்ளை பிறந்து வீட்டுக்கு வரும்வரை மச்சம் மாமிசம், முட்டை ஒன்றும் வாயில் வைப்பதில்லை என்று அம்மாளுக்கு நேர்ந்துகொண்டார். பயணத்தை நிற்பாட்டத்தான் என்னிடம் வந்தவர். மகள்தான், காசு கட்டியாச்சு, போங்கோ அம்மா என்று பிடிவாதமாக நின்றிருக்கிறாள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வேன் என்று கவுண்டரில் நின்று கேட்டார். நான் தாளை எடுத்து நீட்டினேன். நீட்டினதோடு நின்றிருக்கலாம். "அக்கா, இதில உள்ளதெல்லாம் அரிசி, பயறு, சீனிதான். முட்டை இல்லை எண்டு எழுதின கடையில ஒரு பயமும் இல்லாமச் சாப்பிடுங்கோ," என்று வாயாலும் சொன்னேன். ஒன்பதாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்: முட்டை இல்லை.

அன்று காலை கோட்டோடு வந்து நின்றபோது, யப்பான் போய்வந்து பத்து நாள். மகளுக்கு எட்டாம் மாதம். ஒன்பதாம் இலக்கக் கடையில் அவர் சாப்பிட்டது, இரண்டு சின்ன அப்பம் போல, நடுவில் சிவப்புப் பயறு வைத்து மூடினது. முதல் கடியிலேயே நாக்கில் ஏதோ பட்டதாம், பிறகு தாளைப் பார்த்துவிட்டு முழுதும் சாப்பிட்டாராம். அன்றையிலிருந்து நித்திரை இல்லை. மகளிடம் கேட்க ஏலாது, பயந்துவிடும். மருமகனிடம் கேட்டால் சிரிப்பார். தங்கச்சியிடம் சொன்னால் ஈலிங் முழுக்கத் தெரியும். "அதுதான் எழுதின ஆளிட்டையே வந்தனான்," என்றார்.

கேட்ட இடத்தில் கேட்டது

கொப்பியைப் புரட்டினேன். ஒன்பதாம் கடையைச் சொன்னவர் வால்தம்ஸ்டோவில் இருக்கிற கனகசபை அண்ணை. செவ்வாய், வெள்ளி தவறாமல் சைவம், சுத்தமான ஆள். அதனால்தான் அவர் பேச்சை நான் மறுபடி உரசிப் பார்க்கவில்லை. அங்கேயே போன் எடுத்தேன்.

அது சைவம் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். ஓம், நான் வெள்ளிக்கிழமை சாப்பிட்டனான் என்றார். முட்டை இல்லையோ என்று கடையில் கேட்டீர்களோ என்றேன்.

"அதென்ன தங்கச்சி கேள்வி? அது கேக் மாதிரிச் சாமான். கேக்கில போடுறதை ஆரும் முட்டையெண்டு பாக்கிறதோ? என்ர பேரன்ர பேர்த்டே வெள்ளிக்கிழமை வந்தா நான் கேக் தின்னாமலோ இருக்கிறன்?"

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் சைவம் அதுதான். அவித்த முட்டை முட்டை, பொரித்த முட்டை முட்டை, கேக்குக்குள் போனால் அது கேக். எனக்கும் தெரிந்த விஷயம். என் வீட்டிலும் அப்படித்தான். அவர் சைவம் என்றார், நான் அதை முட்டை இல்லை என்று டைப் பண்ணினேன். அவர் சொன்னதற்கும் நான் எழுதினதற்கும் நடுவில் ஒருவரும் கடைக்காரரிடம் கேட்கவில்லை.

போனை வைத்தேன். அக்காவுக்கு அண்ணையின் குரல் கேட்டிருக்கும், அவர் போனிலும் மைக் பிடித்தவர் போலத்தான் கதைப்பார். அக்கா ஹான்ட்பேக்கைத் திறந்தார். எங்கள் பெண்கள் வடிவான கடதாசியை எறிய மாட்டார்கள். அந்த இனிப்புச் சுற்றி வந்த உறையை நான்காக மடித்து, கோயில் விபூதி மடித்த சரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பின்பக்கம் சின்ன எழுத்தில் நாலு வரி யப்பான் எழுத்து.

"இதில எழுதியிருக்குமோ?"

எழுதியிருக்கும். போனைப் பிடித்தால் இங்கிலிஷில் மாற்றித் தருகிற அப் என் போனில் இருந்தது. பிடித்தேன். எழுத்துகள் கொஞ்சம் ஆடி ஆடி நின்றன. சீனி, சிவப்புப் பயறு, கோதுமை மா, கோழி முட்டை, தேன். வெறும் முட்டை என்றுகூடப் போடவில்லை, கோழி முட்டை என்று விளக்கமாகவே போட்டிருந்தது.

திரை என் பக்கம் இருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டிருக்கவில்லை. ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டு வந்த முதலாளி என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டார். பைல் எடுப்பது போல என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"அக்கா, இல்லன்னு சொல்லிட்டு விடுங்க. சாப்பிட்டது சாப்பிட்டாச்சு. அந்தம்மா வீட்ல போய் நிம்மதியாத் தூங்கட்டும். உண்மையச் சொல்லி நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, ஆயுசுக்கும் அந்தம்மா தன்னையே குத்தம் சொல்லிக்கும்."

அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். வியாபாரப் புத்தி மட்டும் இல்லை. அந்த அரை நிமிஷம் நான் அவர் பக்கம்தான் நின்றேன். இல்லை என்ற சொல் நாக்கில் வந்து இருந்தது. ஆனால் அதே சொல்லைத்தான் நான் முதலிலும் கேளாமல் சொன்னேன். முதல் தரம் தெரியாமல் சொன்னது. இது தெரிந்து சொல்வது.

பிறகு நான் செய்த மாற்றம்

இளம் ஆட்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அன்றைக்குப் பிறகு என் தாளில் ஒவ்வொரு கடைக்கும் மூன்று விஷயம் தனித்தனியே எழுதினேன்: யார் சாப்பிட்டது, யார் கடையில் கேட்டது, என்ன பதில் வந்தது. கேட்காவிட்டால் "கேட்கவில்லை" என்றே போட்டேன். தாள் பார்க்க வடிவில்லாமல் போனது. பதினாலு கடையில் ஆறுக்கு "கேட்கவில்லை" என்று வந்தது. முதலாளி முகம் சுளித்தார். ஆனால் சனம் போய், தாங்களே கேட்டு, வந்து சொன்னார்கள். முட்டை, பால், ஜெலட்டின் மூன்றுக்கும் படம் கீறிக் காட்டுகிற ஒரு அட்டையும் செய்து சேர்த்தேன். வாடிக்கையாளர் சொல்கிற வாசகம் ருசிக்கு நல்லம். உறுதிக்கு, கடைக்காரர் வாயால் வந்ததுதான் வேண்டும்.

திலகவதி அக்காவின் மகளுக்கு உரிய நாளில் பெண் பிள்ளை பிறந்தது, சுகம். அதை இந்தக் கதையின் பதிலாக நான் சொல்லவில்லை. அன்று காலை கவுண்டரில் நின்ற எங்கள் மூவருக்கும் அது தெரியாது.

அன்று, முதலாளி கூப்பிட்ட இடத்திலிருந்து முன்பக்கம் திரும்பி வந்தேன். உறையை அவர் கையில் கொடுத்தேன்.

"அக்கா, முட்டை இருக்கு. நான் கேளாமல் எழுதினது. பிழை என்ர."

அவர் உறையை மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்தார். அதைத் திரும்ப ஹான்ட்பேக்குக்குள் வைத்தார்.

"என்ர நாக்குக்கு அப்பவே தெரியும், பிள்ளை. இல்லையெண்டு ஆராவது சொல்லமாட்டினமோ எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான்," என்றார். "பரவாயில்லை. அம்மாளிட்டை நான் போய்ச் சொல்லுறன். அது எனக்கும் அவவுக்கும் உள்ள கதை. இண்டையில இருந்து விரதத்தைத் திரும்பத் தொடங்கிறன் எண்டு சொன்னா அவ என்ன மாட்டன் எண்டோ சொல்லப்போறா? நீர் உம்மட தாளைத் திருத்தும்."

திருத்துகிறேன் என்று தாளை எடுத்தேன். இல்லை, இங்கே தாரும் என்று கையை நீட்டி வாங்கினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பேனையும் கேட்டார். முதலாளி தன் சட்டைப்பைப் பேனையைத் தானே எடுத்துக் கொடுத்தார். அக்கா ஒன்பதாம் இலக்கத்தில் "முட்டை இல்லை" என்றதை நேராக ஒரு கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில் "முட்டை உண்டு, உறையில் பார்த்தது" என்று எழுதினார். தாளைத் திருப்பித் தரப் போனவர், தராமல் நிறுத்தி, மற்றவர்களின் வாசகங்கள் இருந்த இடத்தைத் தேடி, அதற்குக் கீழே தபால்கார எழுத்தில் தெளிவாக எழுதினார்: "ஆனால் நல்ல ருசி."