கொய்யா மரத்து அந்துப்பூச்சி

ஓர் அந்துப்பூச்சிக்காக ஒரு மனிதரை நான் இருபது வருஷம் மன்னிக்கவில்லை. அவர் இறந்த பிறகும் அந்த முடிவை மாற்றக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், கிள்ளான் ஆற்றோரம் ஒரு ரப்பர் கம்பெனியின் ஸ்டோரில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரிய கிராணிக்குக் கோலாலம்பூர் ஆபீஸ், வீடும் அங்கேயே பிரிக்பீல்ட்ஸில். எங்கள் இருவருக்கும் மேலே இருந்த துரைக்குப் பூச்சிப் பைத்தியம். புதிதாக ஏதாவது பூச்சி கண்டால் இடம், நாள், தின்னும் செடி, கண்டவர் பெயர் எல்லாம் சீட்டில் எழுதி, பெரிய கிராணி மூலமாக அனுப்ப வேண்டும் என்று சர்க்குலரே போட்டிருந்தார். அதை ஐந்தாம் பாரா வரை படித்தவன் கம்பெனியில் நான் ஒருவன்தான்.

ஸ்டோருக்குப் பின்னால், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில், ஜெருஜு என்று மலாய்க்காரர்கள் சொல்லும் முட்புதர் மண்டிக் கிடந்தது. காலை வெயிலில் அதன்மேல் பறந்த கறுப்புப் பூச்சியை முதலில் குளவி என்றே நினைத்தேன். பிடித்தபோது விரலில் கறுப்புத் தூள் ஒட்டியது. குளவிக்குத் தூள் கிடையாது. துரை பூச்சிகளைக் குத்தி வைத்த பெட்டிகளுக்கு லேபிள் எழுதிக் கொடுத்தவன் நான். அவற்றில் இப்படி ஒன்று இல்லை.

இலை இலையாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த புழுவைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. பிஸ்கட் டின்னில் போட்டு வளர்த்தேன். கூட்டை உடைத்து அதே பூச்சி வெளிவந்த அன்று வேலைக்குக் கால் மணி நேரம் தாமதம். என் சர்வீஸில் அது ஒன்றுதான் தாமதம்.

மூன்று பூச்சிகளை முக்கோணமாக மடித்த காகிதங்களில் வைத்து, சீட்டுடன் முறைப்படி அனுப்பினேன். துரையின் பெட்டியில் அந்தப் பூச்சிக்கு அடியில் என் பெயர் இருக்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டியைப் பார்த்தேன். கண்டவர் என்ற இடத்தில் பெரிய கிராணியின் பெயர். அவர் கிள்ளான் பக்கமே வராதவர் என்பது துரைக்குத் தெரியும். அதனால் இடம் பிரிக்பீல்ட்ஸ். செடி கொய்யா, அவர் வீட்டுப் பின்கட்டில் நின்றது அந்த மரம்தான்.

"என் சீட்டு எங்கேங்க ஐயா?" என்று கேட்டேன்.

"ஒரு பூச்சிக்குப் போயி மூஞ்சியத் தூக்குறியே தம்பி. எல்லாம் என் மூலமாத்தானே போவுது. என் பேருல போனா என்ன, உன் பேருல போனா என்ன?"

நான் வாதாடவில்லை. காத்திருந்தேன்.

பூச்சி சீமைக்குப் போனது. அங்கிருந்த நிபுணர், இதுவரை பார்த்திராத இனம், பெண் பூச்சியும் புழுவும் வேண்டும் என்று எழுதினார். துரை வலையைத் தூக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்க் கொய்யா மரத்தடியில் நின்றார். பெரிய கிராணி கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். கோழிகளை அடைத்து வைத்தார்கள். பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. ஆறு ஞாயிறு நடந்தது இது. இரண்டு ஞாயிறு நானும் கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய், பின் தெருக் கடையில் சோடா குடித்தபடி வேலிக்கு மேலாகப் பார்த்தேன். நல்ல சோடா.

ஏழாவது வாரம் பெரிய கிராணி ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நாலு பூச்சி புடிச்சுக் குடு. தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு வாங்கித் தரேன்."

"எதைக் கேட்டாலும் எழுத்துல கேக்கச் சொல்லி நீங்கதானே ஐயா சொல்லிக் குடுத்தீங்க."

"என்னைய எழுத வைக்கிறியா?"

"ரெண்டு வரி போதுங்க."

வேறு வழியில்லாமல் எழுதினார். நான் பதில் தட்டச்சு செய்தேன்: 'தாங்கள் கண்டதாகப் பதிவாகியுள்ள பூச்சியில் நான்கைப் பிடித்துத் தருமாறு தாங்கள் என்னைக் கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது.' கீழே நான் அதைக் கண்ட இடம், நாள், செடி. பூச்சி பற்றிய எந்தக் கடிதத்துக்கும் நகல் துரைக்குப் போக வேண்டும் என்பது ஐந்தாம் பாரா. அவருடைய கடிதத்தையும் இணைத்து அனுப்பினேன்.

மறு ஞாயிறு துரை பூட்ஸோடு என் சேற்றில் இறங்கினார். மத்தியானத்துக்குள் பெண் பூச்சி இரண்டும் புழு ஐந்தும் கிடைத்தன. பழைய லேபிளை என் கண்ணெதிரே உருவிப் புதிது எழுதினார். இடம் கிள்ளான், செடி ஜெருஜு. கண்டவர்: கிராணி. அவ்வளவுதான்.

"பேர் போடலியா துரை?"

"உங்க சண்டை எனக்கு வேணாம். ரெண்டு பேரும் கிராணிதானே," என்றார் தோட்டத்துத் தமிழில்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பெரிய கிராணி பிழைத்துக்கொண்டார். லேபிளில் உள்ள கிராணி தான்தான் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். பல வருஷம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் நடந்த அவருடைய பிரிவு உபசார விருந்திலும் ஒருவர் எழுந்து அந்தப் பூச்சியைப் புகழ்ந்தார். மாலையோடு இவர் தலையாட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம். அந்தப் புழு இலைக்கு மேல இருக்குமா, கீழ இருக்குமா?"

சபை அவரைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"மேலதான்," என்றார்.

"அடியிலங்க," என்று சொல்லி உட்கார்ந்தேன். பந்தியில் பாயாசம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.