மரம் நடுவதற்காக ஒரு மரம்

புதூர்நாட்டுப் பாதையோரம் ஒரு கடுக்காய் மரத்தைக் கட்டிப்பிடித்துச் செல்ஃபி எடுக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவைதான். அடிமரத்தில் பெயிண்டால் எண் எழுதியிருப்பதால், பத்திரமாகப் பாதுகாக்கும் மரம் என்று பூரிப்பு வேறு.

காய் பொறுக்கும் பெண் சிரிக்கிறார். “இன்னா சார், அது வெட்றதுக்குப் போட்ட நம்பருங்க.”

“எதுக்கும்மா வெட்றாங்க?”

“மரம் நடறதுக்கு. தேக்கு வைக்கப் போறாங்களாம். இந்தக் காயாலதான் எங்க வூட்ல ஒல கொதிக்குது. தேக்குல இன்னாத்தப் பொறுக்குறது, சருகா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தானாக முளைத்துக் காய்க்கும் மரம் இந்த வனத்துறைக்குக் களை. குழி வெட்டி நட்டால்தான் காடு! அந்நேரம் வந்த காக்கிச் சட்டைக்காரரை மறித்து, காடு வளர்க்கும் லட்சணமா இது என்று கத்தித் தீர்க்கிறேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறார்.

திரும்பும்போது, என்னைக் கூட்டிவந்த வாடகை ஜீப் டிரைவர் சொல்கிறார்: “அவரு பஸ் கண்டக்டருங்க சார். நாளையிலேர்ந்து லுங்கி கட்டிக்கினு வர்றேன்னாரு.”