தவக்காலத்தில் மூடிய கார்டுகள்

கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் எங்கள் வீடு. என் கணவர் தினமும் ரயிலில் பெங்களூரு போய் வேலை பார்த்துத் திரும்புகிறவர். ஆஸ்துமா வேறு. அங்கேயே சின்னதாக ஒரு வீடு வாங்க வங்கியில் கடன் கேட்க இருந்தோம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் நாங்கள் இறைச்சியை விட்டுவிடுவோம். சென்ற ஆண்டு நான்தான், "இந்த வாட்டி கிரெடிட் கார்டையும் விட்டுடலாங்க. பேங்க்ல மதிப்பா பாப்பாங்க" என்றேன்.

பாக்கியெல்லாம் கட்டி, அவருடைய மூன்று கார்டுகளில் இரண்டை மூடினோம். அதில் ஒன்று அவர் முதல் வேலையில் வாங்கிய பழைய கார்டு. அவசரத்துக்கென்று வைத்த, லிமிட் குறைந்த மூன்றாவது கார்டிலேயே மளிகை, மருந்து எல்லாம் ஏறின.

ஈஸ்டர் முடிந்து வங்கிக்குப் போனோம். கிரெடிட் ஸ்கோர் இறங்கிவிட்டது, கடன் கிடையாது என்றார்கள்.

"இன்னா சார், ஒரு பைசா பாக்கி வெக்கலியே!" என்றார் கணவர்.

"மூணு கார்டு செலவும் இப்ப ஒரே கார்டுல, லிமிட் வரைக்கும் போவுது. கடனை நம்பியே இருக்கீங்கன்னு ஸ்கோர் கொறையும். பழைய கார்டை மூடினதும் தப்பு, கணக்கு எவ்ளோ பழசோ அவ்ளோ நல்லது" என்றார் அதிகாரி.

பார்த்து வைத்திருந்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

இப்போது அந்தக் கார்டில் மருந்து மட்டும்தான் வாங்குகிறோம். ஸ்கோர் மெல்ல ஏறுகிறது. கடன் கிடைக்கும்வரை அதை மூடுவதாக இல்லை.

இந்தத் தவக்காலத்தில் இறைச்சியை மட்டுமே விட்டோம். விடியுமுன் அவர் ரயிலுக்குக் கிளம்புகிறார். தெருமுனை தாண்டும்வரை அவர் இருமல் கேட்கிறது.