மூன்றாம் நம்பருக்கும் நாலாம் நம்பருக்கும் நடுவில்

பிரவுசிங் சென்டர் நடத்தியவனுக்கு ஊரில் யார் எந்தப் பெயரில் உலவுகிறார் என்பது தெரியும், ஆனால் வாய் திறக்க முடியாது; அந்த அவஸ்தை உங்களில் சிலருக்குப் புரியும்.

ராஜா

2003-இல் ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து கம்ப்யூட்டர்கள் வைத்திருந்தேன். நாலாம் நம்பர் சுமதிக்கு. பட்டுச் சேலைக்குக் கட்டக் காகிதத்தில் டிசைன் போடுகிற பெண். வெளியூர் ஆர்டர் கிடைக்குமென்று, நெசவுக்காரர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் டிசைன்களை ஸ்கேன் செய்து போடுவாள். அங்கே அவள் பெயர் ராஜா. கேட்கக் கூச்சம்தான், கேட்டுவிட்டேன்.

"பொம்பள பேர்ல போனா டிசைனை எவன் பாக்கறான் மாமா? போட்டோ அனுப்புன்றான்."

உண்மைவிளம்பி

குழுவில் அப்படியொரு பெயரில் ஒருவர் அவளை விடாமல் திட்டினார். ராஜாவுக்குத் தறி எந்தப் பக்கமென்றே தெரியாதாம். அவள் பதில் எழுதினால் அடுத்த நிமிடமே இன்னும் மோசமாக வரும். பதினோரு நாளில் பதினேழு வசவு, எண்ணினேன். ஒரு மாலை எழுந்துவிட்டாள்.

"இனிமே வர்ல மாமா. டிசைனும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரே பேஜாரா கீது."

நோட்டு

வந்தவர் பெயர், சீட்டு நம்பர், வந்த நேரம், போன நேரம் நான்கையும் எழுதிவைப்பேன். குழுவில் ஒவ்வொரு வசவுக்கும் கீழே நேரம் இருந்தது. ஒத்துப் பார்த்தேன். பதினேழும் மூன்றாம் நம்பர்: தனபால். பட்டு வியாபாரி, அதிர்ந்து பேசாதவர். இருவருக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான்.

வாடிக்கையாளர் ரகசியத்தைச் சொல்வதா? சொல்லாவிட்டால் அந்தப் பெண் டிசைனையே விட்டுவிடுவாளே. நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவிக்கு எரிச்சல்.

"ஒரு எடத்துல குந்துங்களேன், தறி நாடா மாதிரி இங்கயும் அங்கயும் ஓடிகினு!"

பலகை

மறுநாள் நான்கு ஆணிகளையும் பிடுங்கிப் பலகையை எடுத்துவிட்டேன். டிசைன்களை ஃப்ளாப்பியில் எடுத்துப்போகச் சொல்லி சுமதியை வரவழைத்தேன். வந்தாள், நாலாம் நம்பரில் உட்கார்ந்து குழுவைத் திறந்தாள். மூன்றிலிருந்த தனபால் தலையைத் திருப்பினார். அவள் திரையில் அவர் எழுதியது. அவள் மடியில் கட்டக் காகிதம்.

அவர் கை கீபோர்டிலிருந்து இறங்கியது. காகிதத்தை வாங்கிக் கட்டம் கட்டமாக எண்ணினார்.

"ராஜா நீதானாம்மா? மயில் கழுத்து ரெண்டு கட்டம் தடிச்சிருக்கு. அத்த சொல்லத்தான் ஆரம்பிச்சேன். எதிர்ல ஆள் இல்லன்னு வாய் நீண்டுடிச்சி."

சுமதி காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பென்சிலை எடுத்தாள்.

"அத்த மொத நாளே உங்க பேர்ல சொல்லியிருந்தா, அன்னிக்கே திருத்தியிருப்பேனேண்ணா."

பின்னாளில் கடையையே மூடும்வரை அந்தப் பலகையை நான் மாட்டவில்லை. மாட்டச் சொல்லிக் கேட்டவர்கள் ஆறு பேர், அவர்கள் பெயரும் நோட்டில் இருக்கிறது.