அத்தைக்கு உரிய பன்றி

மீன்பிடிக்கப் போன புருஷன் மாக்கா திரும்பவேயில்லை. பத்து மாதம் லவீனியா படுத்த பாயை விட்டு எழவில்லை. துக்கத்துக்கு வந்த ஊர் அழுதது, பாடியது, வயிறாரத் தின்றது, போயிற்று. பிறகு எட்டிப் பார்க்க நாதியில்லை.

அவளை எழுப்பியது ஒரு நோஞ்சான் பன்றிக்குட்டி. தாய் ஒதுக்கிய குட்டி. உள்ளே வந்து அவள் காலை முட்டியது. போ என்றாள், போகவில்லை. தேங்காய் துருவிப் போட்டாள். துருவிய கையோடு தானும் இரண்டு வாய் தின்றாள். கடல் உள்வாங்கினால் எங்கள் டோங்காத் தீவுப் பன்றிகள் சேற்றில் இறங்கி நண்டு கிளறும். இதற்குச் சொல்லித்தரத் தாய் இல்லை என்று அவளே முழங்கால் சேற்றில் இறங்கினாள். தினமும் இறங்கினாள். தூக்கம் வந்தது, ஒருநாள் சிரிப்பும் வந்தது. பன்றியைக் கட்டிக்கொண்டாள் என்று ஊர் கேலி பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இரண்டு வருடத்தில் ஊரிலேயே பெரிய பன்றி அதுதான். அதுவே வினையாயிற்று. தம்பி மகன் சோவானேக்கு இருபத்தொரு வயது நிறைவு, பெருவிருந்து. அக்காவிடம் தம்பி நேரில் கேட்கும் வழக்கம் இல்லை. மனைவி சேலாவை அனுப்பினான்.

"அண்ணி, விருந்துக்குத் தலைப்பன்னி உங்களதுதான். ரெண்டு குட்டி பதிலுக்குத் தர்றோம். வெறும் பன்னிதானே?"

"வெறும் பன்னிதான். நான் செத்துக் கிடந்தப்ப அதுதான் வந்துச்சு. நீங்க யாரு வந்தீங்க?"

சேலாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஊருக்கே சொல்லியாச்சு அண்ணி. காலையில பையன் வருவான்."

வந்தான், கயிற்றோடு. லவீனியா பட்டிவாசலை மறித்து நின்றாள்.

"சோவானே, விருந்துல ஒசந்த இடம் யாருக்குடா?"

"அப்பாவோட அக்காவுக்கு. உங்களுக்குத்தான் அத்தை."

"ஒசந்த பன்னி?"

"அதுவும் உங்களுக்குத்தான்."

"அப்ப என் பங்கை இப்பவே எடுத்துக்கிட்டேன். உசிரோட."

பையன் திருதிருவென விழித்தான். "அப்பா என்ன சொல்வாரோ..."

"ஒண்ணும் சொல்ல மாட்டான். நான் கேட்டா அவன் மறுக்கக் கூடாது. அதுக்குத்தாண்டா நான் அத்தை!"

வேறு பன்றிகள் அடுப்புக்குழிக்குப் போயின. மதியம் லவீனியா விருந்துக்கு நடந்தாள். பின்னாலேயே கயிறில்லாமல் அவள் பன்றி. பந்தியின் உயர்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். அது பக்கத்திலேயே பாய்மேல் சாய்ந்தது. தம்பி தரையைப் பார்த்தான். பாதிரியார் ஜெபத்துக்கு எழுந்தவர், பன்றியைக் கண்டு கூப்பிய கையை இறக்கினார்.

லவீனியா அவரை நேராகப் பார்த்தாள். "ஆரம்பிங்க ஐயா. எனக்குப் பசிக்குது."